போனுக்குள் மீன் குழம்பு

வக்கீலுக்குக்கூடச் சட்டத்தில் சந்தேகம் வரும். வக்கீல் குமாஸ்தாவுக்கு வரவே வராது. உத்தமபாளையம் கோர்ட்டில் பல வருஷமாகக் கேஸ் கட்டுச் சுமக்கும் குமாஸ்தா நான். அப்படிச் சந்தேகமே இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான், தேனியில் ஒரு செல்போன் சர்வீஸ் சென்டரில், முப்பது பேருக்கு முன்னால் என் மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டது வேறு யாருமில்லை, நானேதான்.

முதலில் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி தமிழ்ச்செல்வி குவைத்தில் நர்ஸ். கல்யாணமான அடுத்த வருஷமே விசா வந்து கிளம்பிவிட்டாள். போகும்போது எனக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நைட் ஷிப்ட் முடிகிற நேரமும் நான் அடுப்புப் பற்றவைக்கிற நேரமும் ஒன்று. நமக்குக் காலை எட்டரை. வீடியோ காலில் அவள் சொல்லச் சொல்ல நான் சமைப்பேன். (அதுவரை எனக்குத் தெரிந்த சமையல், சிலிண்டர் புக் பண்ணுவது மட்டும்.)

பேச நேரம் கிடைக்காத நாளில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். "கடுகு வெடிக்கட்டும்ங்க, அவசரப்படாதீக." "புளியக் கரைச்சு ஊத்திட்டு சும்மா நில்லுங்க. கரண்டியப் போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்காதீக." எட்டு மாதத்தில் இப்படி எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டது. சமைக்காத நேரத்திலும் போட்டுக் கேட்பேன். ரசம் வைக்கிற பக்குவத்தை பஸ்ஸில் காதோடு வைத்துக் கேட்டுக் கண் கலங்கியவன், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவ்வளவு தேடியது அவளை.

அவளுக்கு அங்கே ஹாஸ்டல் சாப்பாடு. காய்ந்த ரொட்டியும் உப்பில்லாத பருப்பும். நான் மீன் குழம்பு வைத்தால், "கிட்டக் காட்டுங்க, எண்ணெ பிரிஞ்சிருச்சான்னு பாக்கணும்" என்பாள். தூரத்தில் பிடித்தாலே எண்ணெய் தெரியும். ஆனால் அவள் முகத்தைக் குழம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. கொதிக்கிற சட்டிக்கு நேர் மேலே போனைப் பிடிப்பேன். திரையை ஆவி மறைத்தால் கைலி முனையால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடிப்பேன். பிள்ளைக்கு ஆவி பிடிக்கிறவன்கூட அத்தனை சிரத்தையாகப் பிடிக்கமாட்டான்.

ஒரு நாள் காலை போன் எழுந்திரிக்கவில்லை. சார்ஜில் போட்டேன், தட்டினேன், கடைசியில் அரிசி டப்பாவில் புதைத்தேன். (தண்ணியே படாத போன எதுக்குய்யா அரிசியில புதைச்ச என்று அன்றைக்கு ஒரு ஆள் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.) பக்கத்து வீட்டுப் போனில் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் பேசி அனுப்புனதெல்லாம் பத்திரமா இருக்குல்லங்க? என் போன்ல இடமில்லாம நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன். பேக்கப் எடுத்தீகளா?"

"அதெல்லாம் இருக்கு."

இல்லை. பேக்கப் எடுக்கவா எடுக்கவா என்று அந்தப் போன் தினமும் கெஞ்சும். அப்புறம் பார்ப்போம் என்று தினமும் அமுக்கியவன் நான். ஆக, எட்டு மாதத் தமிழ்ச்செல்வி அந்தச் செத்த போனுக்குள்தான் இருந்தாள்.

வாரண்டி இன்னும் முடியவில்லை. நமக்குத்தான் சட்டம் தெரியுமே, ஐந்து பத்தியில் ஒரு மனு டைப் அடித்தேன். 'மேற்படி கைப்பேசியின் மீது ஒரு துளி நீரோ வேறெந்தத் திரவமோ படவில்லை என மனுதாரர் இதன்மூலம் உறுதி கூறுகிறார்.' அதைக் கவரில் போட்டுக்கொண்டு தேனி பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டுவதற்குள் நாலு தடவை எடுத்துப் படித்து நானே மெச்சிக்கொண்டேன்.

கவுண்டரில் ஒரு பெண். மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு பாரத்தை நீட்டினாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். (கோர்ட்டில் கட்சிக்காரர்களிடம் 'படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கய்யா' என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறவனும் நான்தான்.) உள்ளே போய்விட்டு வந்தாள்.

"சார், லிக்விட் டேமேஜ். வாரண்டில வராது."

"ஏம்மா, ஆதாரம் இருக்கா? இத்தன பேரு உக்காந்திருக்காக. இவுக முன்னால தொறந்து காட்டு பாப்போம்."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு கேமரா லென்ஸுக்கு அடியில் போனைத் திறந்து வைத்துச் சுவரில் இருந்த டிவியைப் போட்டாள். திரை முழுக்க என் போனின் வயிறு.

"இந்த ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கணும் சார். ஈரம் பட்டா செவந்துரும்."

"அது வரும்போதே செவப்பா வந்திருக்கும்."

"அப்ப இந்த மஞ்சக் கற?"

அதற்குள் முன்வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து மூக்கை நீட்டினார். "தம்பி, மீன் கொழம்பு வாசமில்ல வருது?" இன்னும் நாலு பேர் வந்து மோந்தார்கள். ஒருத்தர் டேம் மீன் என்றார். இன்னொருத்தர் இல்லவே இல்லை, கருவாடு என்றார். என் வழக்கு போய், எந்த மீன் என்பது வழக்காகிவிட்டது.

"தண்ணி படலன்னு நீங்க சொன்னது நெசந்தான் சார்" என்றாள் அந்தப் பெண். "ஆவி போயிருக்கு. தெனமும் போயிருக்கு."

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "ஆவி திரவத்துல சேராதும்மா. எனக்கு வாரண்டிலதான் வேணும்" என்று மேஜையைத் தட்டினேன்.

"வாரண்டின்னா போர்டையே மாத்திருவோம் சார். பழசு கம்பெனிக்குப் போயிரும். உள்ள இருக்குற எதுவும் திரும்ப வராது. சம்மதம்னு இந்தா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

தட்டிய கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். நான் மட்டும் அந்த வழக்கில் ஜெயித்திருந்தால் தமிழ்ச்செல்வியின் குரலை என் கையாலேயே அழித்திருப்பேன்.

"அதுக்குள்ள என் சம்சாரம் இருக்காம்மா" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. "காசு கட்டுனா போர்டக் கழுவிப் பாக்கலாம் சார். ஆனா வரும்னு உறுதி சொல்லமாட்டேன்."

"கழுவும்மா. கழுவு."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேர்வைக்கு அந்த மனுதான் விசிறி. வேண்டாத சாமி இல்லை. கடைசியில் அந்தப் பெண் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது திரையில் வெளிச்சம் இருந்தது. எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற அவசரத்தில், கடைசியாக வந்த வாய்ஸ் மெசேஜை அமுக்கிவிட்டேன். சத்தம் முழுசாக வைத்திருந்தது தெரியாது.

"ஏங்க, சட்டிக்கு மேல போனப் பிடிக்காதீகன்னு எத்தன தடவ சொல்றது? ஆவி உள்ள போச்சுன்னா அம்புட்டுத்தான். அப்பறம் கடையில போயி நான் ஒண்ணுமே பண்ணலன்னு கோர்ட்டுப் பேச்சுப் பேசுவீக."

ஹாலே சிரித்தது. நிறுத்தத் தடவினேன், பட்டன் சிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள்.

"சரி, நாளைக்கு ஒரே ஒரு தடவ கிட்டக் காட்டுங்க. இங்கன எங்க போனாலும் மருந்து வாசந்தான். போன்ல வாசம் வராதுன்னு தெரியும். இருந்தாலும் காட்டுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கூடைக்கார அம்மா என் தோளைத் தட்டி, "புளி கொஞ்சம் தூக்கலா ஊத்து தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட மதினி என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பஸ் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் சேதி குவைத் போய்விட்டது. இன்றைக்கும் மாமியார் வீட்டில் யாராவது அடுப்புப் பக்கம் குனிந்தால் போதும், "ஏத்தா, வாரண்டி போயிரும்" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். நான் பந்தியில் உட்கார்ந்தால் குழம்பு வாளியோடு வருகிறவர்கள், "போன உள்ள வைங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள்.

போன வருஷம் தமிழ்ச்செல்வி ஒரு மாத லீவில் வந்தாள். வந்த மறுநாள் காலை அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் மீன் குழம்பு வைத்தேன். மூடியைத் திறந்ததும் எழுந்து வந்தாள். சட்டிக்கு மேலே குனிந்து கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். முகமெல்லாம் ஆவி. "குனியாத, வாரண்டி போயிரும்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "போனாப் போகட்டும்ங்க" என்றாள். "இன்னும் இருபத்தொம்பது நாள்தான இருக்கு."