பேனர் செலவு பிறகு தரப்படும்

பூமி உருண்டை என்று சொல்லித்தரும் பள்ளிக்கூடங்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பணம் என்றால் என்ன என்று சொல்லித்தரும் துணிச்சல் இந்த மேல்நிலைப் பள்ளிக்கு மட்டுமே வாய்த்தது. "நிதி விழிப்புணர்வு வாரம்" என்ற மகத்தான யோசனை தலைமையாசிரியையின் திருவுள்ளத்தில் உதித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியடில். அன்று தேதி பதினெட்டு. ஆசிரியர்களுக்குப் போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கணக்கு ஆசிரியர் அழைக்கப்பட்டார்.

"சார், அடுத்த சம்பளம் வர்ற வரைக்கும்னு சொல்லி குட்டிக் கடன் குடுக்கறாங்களே, அதை வாங்கினா என்ன ஆகும்னு பன்னிரண்டாம் வகுப்புக்கு நீங்கதான் பாடம் எடுக்கணும்."

"நானா மேடம்?"

"எதிர்ல இருக்கற கடன் ஆபீஸ்ல நீங்க அடிக்கடி நிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். கள அனுபவம் உள்ளவங்க பேசினாத்தான் பிள்ளைங்க மனசுல பதியும்."

கணக்கு ஆசிரியரின் கள அனுபவம் உண்மைதான். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த ஆபீஸில் பதினைந்து நாள் தவணைக்குப் பத்தாயிரம் வாங்கியிருந்தார். கட்டணம் ஆயிரத்தைந்நூறு. பதினைந்தாம் நாள் பத்தாயிரத்தைத் திருப்ப முடியாதவர்கள் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு இன்னொரு பதினைந்து நாள் மூச்சு விடலாம். இந்தக் கருணைக்கு "நீட்டிப்பு" என்று பெயர். அவர் பதினொரு முறை மூச்சு விட்டிருந்தார். பன்னிரண்டாவது மூச்சு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

தவறினால், விண்ணப்பத்தில் "தெரிந்தவர்" என்று எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் போன் போகும். புத்தி கெட்ட வேளையில் அவர் எழுதிக் கொடுத்தது மாமனாரின் எண். பெண் கொடுக்கும் முன் அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும் இல்லையா, மாப்பிள்ளை?" இவரும் பெரிதாகத் தலையாட்டியிருந்தார்.

ஆனாலும் இந்த முறை அவ்வளவு பயமில்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த ஆயிரத்தைந்நூறு சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

"ஒரு பேனரும் நாலு சார்ட்டும் ஏற்பாடு பண்ணிடுங்க" என்றார் தலைமையாசிரியை. "பில்லைக் குடுத்தா பிறகு தரப்படும்."

"பிறகுன்னா எப்போ மேடம்?"

"செயலாளர் வெளியூர்ல இருக்காரு. வந்ததும் சம்பளத்தோட சேர்த்துப் போட்டுடுவாரு."

பேனருக்கும் சார்ட்டுக்கும் சட்டைப்பையிலிருந்து எழுநூறு போயிற்று. பேனர் என்னவோ அழகாகத்தான் இருந்தது. "இன்றைய கடன், நாளைய கண்ணீர்" என்று சிவப்பில் எழுதி, ஓரத்தில் சிரித்த முகத்துடன் செயலாளரின் படம்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வரலாறு படைக்கப்பட்டது. தலைமையாசிரியை பின்வரிசையில் போட்டோகிராபருடன் அமர்ந்திருந்தார். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் "ஒருவர்" என்று எழுதினார். அந்த ஒருவர் வாங்கிய பத்தாயிரத்தையும், ஆயிரத்தைந்நூறு வீதம் கட்டிய பதினொரு நீட்டிப்பையும் எழுதினார். பெருக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. முதல் பெஞ்சு மூக்குக்கண்ணாடிப் பெண் அதற்குள் பெருக்கிவிட்டாள்.

"சார், பதினாறாயிரத்து ஐந்நூறு கட்டியும் அந்தப் பத்தாயிரம் அப்படியேவா நிக்குது?"

"அப்படியேதான்மா."

"கொஞ்சம்கூடக் குறையாதா?"

"குறையாது. கட்டணம் வேற, அசல் வேற."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். "அந்த ஆளு லூசா சார்?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"லூசு இல்லப்பா. கணக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்சவர்தான்."

"தெரிஞ்சும் ஏன் சார் வாங்கினாரு?"

"வாடகை குடுக்கணும். பொண்ணுக்குக் காய்ச்சல் வேற. ஒண்ணாந்தேதி வர வேண்டிய சம்பளம் வரல."

மூக்குக்கண்ணாடி மறுபடி எழுந்தது. "வேலை வாங்கிட்டு சம்பளம் குடுக்காத கம்பெனி எது சார்?"

ஆசிரியர் பின்வரிசையைப் பார்த்தார். பேர் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு வாய்வரை வந்தது. அதற்குள் தலைமையாசிரியை கம்பீரமாக எழுந்துவிட்டார்.

"அருமையான கேள்வி. அந்த மாதிரி இடத்துல நீங்க யாரும் வேலைக்குச் சேர்ந்துடக் கூடாது. இதுதான் இன்னைக்குப் பாடத்தோட கருத்து."

கைதட்டல் எழுந்தது. போட்டோ எடுக்கப்பட்டது. ஆசிரியருக்குக் கண் கலங்கியது. பெருமையால் என்று பள்ளியின் அறிக்கை குறிப்பிடுகிறது. அவருக்கு வயிறு எரிந்ததைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவர் மாடிப்படி ஏறினார். கவுன்டரில் இருந்த பெண் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"ஆயிரத்தைந்நூறு சார்."

"எண்ணூறுதான்மா இருக்கு. திங்கக்கிழமை மீதியைத் தந்துடறேனே."

"அப்படியெல்லாம் முடியாது சார். புதுசா ஒரு ரெண்டாயிரம் எடுத்துக்கோங்க, அதுல கழிச்சுக்கறேன். இல்லேன்னா உங்க மாமனாருக்குப் போட்டுடவா?"

"வேண்டாம்மா. பாரத்தைக் குடு."

பாரத்தில் "கடனுக்கான காரணம்" என்று ஒரு கோடு இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உண்மையை எழுதுவோமே என்று எழுதினார்: 'கடன் வாங்காதீர்கள் என்று பேனர் அடித்த செலவு.'

அவள் படித்துவிட்டு, சிரிக்காமல், அதைக் குறுக்கே அடித்தாள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார். கீழே நாலாவது கட்டத்துல டிக் போடுங்க."

முதல் கட்டம் மருத்துவம். இரண்டாவது வாடகை. மூன்றாவது கல்யாணம். நாலாவதில் அவருடைய பள்ளியின் பெயர் முழுசாக, ஊர்ப் பின்கோடோடு, அழகாக அச்சாகியிருந்தது.

"எங்க ஸ்கூல் பேரு எதுக்கும்மா இதுல?"

"உங்க டீச்சருங்க எல்லாரும் காரணம்னா அதைத்தான் சார் எழுதறாங்க. ஒவ்வொருத்தரும் எழுதி முடிக்கறதுக்குள்ள கியூ தெரு வரைக்கும் போயிடுது. அதான் பேரையே அச்சடிச்சிட்டோம்" என்றாள் அவள். "பிழை இல்லாம இருக்கணும்னு போன வாரம் உங்க செயலாளரே நேர்ல வந்து, ஒரு தடவை படிச்சுப் பார்த்துத் திருத்திக் குடுத்துட்டுப் போனாரு."