மணல் அண்ணாச்சியின் மீன்சட்டிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் மணல் அண்ணாச்சியைப் போலப் பயப்படத் தெரிந்த மனிதர் இன்னொருவர் கிடையாது. நாமெல்லாம் பாம்புக்கும் போலீசுக்கும் பயப்படுவோம், ஆபத்து அந்தப் பக்கம் போனதும் மறந்துவிடுவோம். அண்ணாச்சி அப்படியில்லை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே பயப்பட ஆரம்பித்துவிடுவார். இத்தனைக்கும் அவர் பயந்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான்: செல்போன் பேட்டரி. அவர் பார்த்த தொழில், செல்போன் ரிப்பேர்.

நீங்கள் சிரிக்கலாம். நானும் நாலு வருஷம் சிரித்தவன்தான்.

அவர் கடை, பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கும் மிளகுக் கிடங்குக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி. பின்கதவைத் திறந்தால் காயலில், அதாவது உப்பங்கழியில், இறங்கும் நாலு படிகள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே கடை வைத்திருக்கும் தமிழர் யாரானாலும் மலையாளிகளுக்கு அண்ணாச்சிதான் என்பதால் எங்கள் வட்டாரத்தில் அண்ணாச்சிகளுக்குப் பஞ்சமில்லை. இவர் மணல் அண்ணாச்சி ஆனதற்குக் காரணம் அந்தப் படிகளில் வரிசையாக இருந்த மீன்சட்டிகள். மீன்கறி வைக்கிற அதே கறுத்த மண்சட்டிதான். ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி மணல், மணலுக்குள் ஒரு பேட்டரி, மேலே மூடி, மூடியின் மேல் சாக்பீஸால் எழுதிய வாடிக்கையாளர் பெயர்.

நனைந்த போன் எது வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுவார். அதைச் சட்டியில் போட்டு, இரண்டு கைகளையும் முழுசாக நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முருகா முருகா என்றபடி பின்வாசலுக்கு நடப்பார். வழியில் பூனை குறுக்கே வந்தால்கூட நின்று, அது போனபிறகுதான் அடுத்த அடி. படியில் சட்டியை இறக்கிவிட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். ஒரு நாளைக்குப் பத்துப் பேட்டரி வந்தால் பத்து டம்ளர்.

யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் வழி தவறி அந்தச் சந்துக்குள் நுழைந்து, சட்டிகளைப் பார்த்துவிட்டு, ஏதோ புராதனப் பொருள் கடை என்று நினைத்து விலை கேட்பதுண்டு. தொடவந்தால் போதும், அண்ணாச்சி மேசைக்கு மேலேயே தாவிவிடுவார்.

வாடிக்கையாளர்கள் பேட்டரிக்குப் பயப்படவில்லை. அண்ணாச்சிக்குப் பயந்தார்கள். அதாவது, அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு. போனைக் கையில் வாங்கியதும், நனைத்தது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா, சாயாவா என்று பொறுமையாக விசாரிப்பார். அதுவரை சுகமாக இருக்கும். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு மலையாளத்தில் மெதுவாகக் கேட்பார்.

“ஓன் ஆக்கியோ?”

ஆன் செய்து பார்த்தாயா என்று அர்த்தம். தண்ணீரில் விழுந்த போனை எடுத்ததும் உலகத்தில் எல்லோரும் செய்கிற முதல் காரியம் அதுதான். செய்யவே கூடாத காரியமும் அதுதான். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் உள்ளே எல்லாம் கருகிவிடும் என்பது அண்ணாச்சியின் பாடம். ஒருமுறை, கதவை இடித்துக்கொண்டு நுழையும் அளவுக்கு ஆகிருதியான ஆட்டோக்காரர் ஒருவர் “இல்ல” என்றார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். ஆட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, “ஒரே ஒரு தவண, அண்ணாச்சி” என்றார். எல்லோரும் கடைசியில் ஒரே ஒரு தடவையில்தான் வந்து நிற்பார்கள். அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தேன் என்று யாராவது சேர்த்துச் சொன்னால், அரிசி கஞ்சிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்.

அவருடைய பயங்களிலேயே விசித்திரமான பயம் ஒன்று உண்டு. அதை ஒருநாள் எனக்குச் சொன்னார். “நனைஞ்ச போன் செத்துக் கெடந்தா எனக்குப் பயமில்ல தம்பி. ஒண்ணும் ஆவாத மாதிரி நல்லா வேலை செய்யுது பாருங்க, அப்பத்தான் வயித்தக் கலக்குது.”

நான் இதை அலுவலகத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன்.

இப்போது என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பாலக்காட்டுத் தமிழர், பேச்சிலும் பிடிவாதத்திலும். நானும் மனைவியும் எர்ணாகுளத்தில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் தனி. அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பழைய பொத்தான் போன். இரண்டை அழுத்தினால் நான், மூன்றை அழுத்தினால் மருமகள். ரத்த அழுத்தம் உள்ளவர், ஒருமுறை குளியலறையில் விழுந்தவர். அந்த போனை நம்பித்தான் நாங்கள் தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பினோம்.

ஒரு விடிகாலையில் வேலியேற்றம் வந்தது. காயல் பொங்கி ஓடை வழியாக வீட்டுக்குள் ஏறும் தண்ணீருக்கு இங்கே அதுதான் பெயர். கணுக்கால் வரைதான் வரும், இரண்டு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். ஆனால் அப்பா தரையோரத்துப் பிளக்கில் சார்ஜ் போட்டு, போனைத் தரையிலேயே வைத்திருந்தார். நான் விழித்துக்கொண்டபோது அது உப்புத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அண்ணாச்சி போனைப் பிரித்துக் கழுவி உலர்த்தி மறுநாளே கொடுத்துவிட்டார். பேட்டரியைத் தரவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த பேட்டரி இனி யாருக்கும் ஆகாது, அந்த மாடலுக்குப் புதுசு வர நாலு நாள் ஆகும் என்றார். புது போனே ஒன்று வாங்கித் தந்தேன். பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்று அப்பா அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

முதல் நாள் அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. குளியலறையில் விழுந்துகிடக்கிறாரோ, மாத்திரை போட்டாரோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் காலை அண்ணாச்சி கடையில் போய் நின்றேன், எப்படியாவது இன்றே வாங்கித் தரச் சொல்லிக் கெஞ்சலாம் என்று. அப்போது பார்த்து ஒரு வெள்ளைக்காரர் பின்பக்கம் போய்ச் சட்டி ஒன்றைத் தூக்கிவிட்டார். அண்ணாச்சி அலறிக்கொண்டு ஓடி, அவர் கையைப் பிடித்து, சைகையிலேயே வெடிச்சத்தம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே நானும் பின்வாசலுக்கு வந்திருந்தேன், என் காலடியில் அப்பா பெயர் எழுதிய சட்டி. சத்தியமாக நான் திட்டம் போட்டு வரவில்லை. குனிந்தேன், மூடியைத் தூக்கினேன், மணலுக்குள் விரலை விட்டேன். பேட்டரி உலர்ந்து, பார்க்கச் சமர்த்தாக இருந்தது. சட்டி வெறுமையாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாரே என்று, அதே அளவில் ஏதாவது வைக்கச் சட்டைப்பையைத் துழாவினேன். வீட்டு விளக்குக்காக வாங்கிய தீப்பெட்டி அகப்பட்டது. அதைப் புதைத்துவிட்டு வந்தேன்.

தீக்குப் பயந்து மணல் நிரப்பிய சட்டிக்குள் தீப்பெட்டி வைத்த ஒரே ஆள், கொச்சியில் நானாகத்தான் இருப்பேன்.

போன் நன்றாக வேலை செய்தது. அப்பா இரண்டை அழுத்தி, “கேக்கறதோ?” என்றார். கேட்டது. நிம்மதியாக ஒரு நாள் கழிந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் இரண்டரைக்கு அலுவலகத்தில் என் போன் அடித்தது. அண்ணாச்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“தம்பி, அப்பா சட்டியில தீப்பெட்டி இருக்கு. பேட்டரி எங்க?”

நான் எடுத்ததை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. போன் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். அப்பா சாப்பிட்டுப் படுத்திருப்பார், சார்ஜ் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார் என்றேன். சொல்லும்போதே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“கால் பண்ணிராதீங்க. அடிச்சா எடுத்துக் காதுல வச்சிருவாரு. நான் போறேன்.”

எர்ணாகுளம் படகுத்துறையில் படகு கிளம்பத் தயாராக இருந்ததால் ஏறிவிட்டேன். அந்த இருபது நிமிஷத்தை என் எதிரிக்கும் வேண்ட மாட்டேன். கையில் போன் இருந்தது. அழைத்தால் காதில் வைப்பார். அழைக்காவிட்டால் தலைக்கடியில் இருக்கும். மட்டாஞ்சேரிக் கரை தெரிந்ததும் ஒரு புகை எழும்புவதைப் பார்த்தேன். எங்கள் தெருப் பக்கம்தான். எழுந்து நின்றுவிட்டேன். படகோட்டி உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார். யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொல்லியும் நான் உட்காரவில்லை. நாலு வருஷம் சிரித்த சிரிப்பெல்லாம் அந்தப் படகில் எனக்குத் திரும்பி வந்தது.

படகுத்துறையிலிருந்து ஓடினேன். வீட்டு முற்றத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முழுசாக, வேட்டியோடு, கடுங்கோபத்தோடு. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆராக்கும் இந்த மனுஷன்? ஒறங்கிண்டிருந்தவனைப் பிடிச்சு இழுத்து, மெத்தை நெறைய மண்ணைக் கொட்டிருக்கார். நீயாக்கும் அனுப்பினது?”

உள்ளே ஓடிப் பார்த்தேன். தலையணையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். மெத்தையெல்லாம் மணல். வயிற்றைப் புரட்டும் இனிப்பு வாடை ஒன்று அறையில் நின்றது. சார்ஜர் வயர் பிடுங்கிக் கிடந்தது. கொல்லைப்புறம் அண்ணாச்சி மணலோடு தூக்கிவந்த வாளி, வாளிக்குள் மணலில் போன், அதிலிருந்து நூலாக இன்னும் புகை. வாளிக்குப் பக்கத்துப் படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க உதறியது. வலது கையை மடியில் வைத்து மறைத்திருந்தார். நான் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கை வெந்து கொப்புளித்திருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்.

“மன்னிச்சிருங்க தம்பி. கதவு தெறந்துதான் கெடந்துச்சு. வாடை வந்ததும் உள்ள போவப் பயந்துட்டேன். கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னுட்டேன். உடனே போயிருந்தா தலையணைகூடக் கருகிருக்காது.”

திருடியவன் நான். தீப்பெட்டி வைத்தவன் நான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த கையில் தண்ணீர் ஊற்றினேன். அப்பாதான் நிலைமையைப் புரிந்துகொண்டு, உள்ளே போய் மூவருக்கும் சாயா போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் மட்டும் டம்ளரை டக்கென்று வைத்தார்.

அண்ணாச்சி ஊரில் இருந்தபோது நனைந்த போன் ஒன்றை, சரியாயிருச்சு கொண்டுபோங்க என்று ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டாராம். அந்த அக்காவின் வெந்த கையைப் பார்த்த பிறகு அந்த ஊரில் கடை வைக்க மனம் வரவில்லையாம். சாயா குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

அண்ணாச்சி வேறொரு பழைய போனைத் தேடிப் பிடித்து, பொத்தான்களை அப்பாவுக்குப் பழகிய மாதிரியே அமைத்துக் கொடுத்தார். கூடவே மணல் நிரப்பிய மீன்சட்டி ஒன்றும் தந்தார். சார்ஜ் போட்டால் போன் கட்டிலில் அல்ல, கல் மேடையில், சட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து அப்பாவுக்கு அழைப்பு வரும். போன் எங்கே இருக்கிறது என்று கேட்பார். அப்பா கடுப்போடு, “நீ சொன்ன மேடைலதான் இருக்கு” என்பார். அதோடு வைத்துவிடுவார்கள். ஆறு அடித்தால் போனைக் கையிலேயே வைத்துக் காத்திருப்பதை அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஆறேகாலுக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நான் செருப்பைத் தேடினேன். நாங்கள் திருப்பி அழைத்தும் அவர் எடுக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகச் சந்துக்குள் நுழைந்தோம்.

அண்ணாச்சி பின்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டி கழுவ இறங்கும்போது சட்டைப்பையிலிருந்த அவருடைய சொந்த போன் காயலில் விழுந்துவிட்டதாம். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் குறும்பும் வந்தது. அவரைப் போலவே குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“ஓன் ஆக்கியோ, அண்ணாச்சி?”

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரே ஒரு தடவ” என்றார். “மணி ஆறாயிருச்சுல்லா தம்பி. அப்பாகிட்ட கேக்கணுமே.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி, காலியாக இருந்த சட்டி ஒன்றில் மணலை அள்ளிப் போட்டு, அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.