சேனல் மூடினா ரூம் எனக்கு

ஜெயிச்சுட்டேன்! எங்க ரெங்கம் ஊர்ல இருக்கிற அத்தனை புருஷன்மார் சார்பாவும் சொல்றேன், ஜெயிச்சேபுட்டேன்! இருபத்து நாலு மணி நேரமும் சாமான் விக்கிற அந்த டிவி சேனலை இந்த மாசக் கடைசியில இழுத்து மூடுறாங்களாம்.

எட்டு வருஷக் கொடுமைங்க. ஆரம்பத்துல அந்தச் சேனல் போட்ட ஆட்டம் இருக்கே! "இன்னும் பத்தே நிமிஷம், இருபதே செட்டு!"ன்னு அங்க ஒருத்தி கத்துவா. இங்க என் சம்சாரம் சந்திரமதி சாம்பாரைக் கருகவிட்டுட்டு போனைத் தூக்குவா. வெங்காயம் வெட்ட ஒரு மிஷின். அந்த மிஷினைக் கழுவ இன்னொரு மிஷின். ஸ்டோர் ரூம்ல கூரை வரைக்கும் பெட்டி. அந்த ரூமை ஒரு கராவோக்கே ரூமா மாத்தி ஆசைதீரப் பாடணும்னு நான் எத்தனை வருஷமா ஏங்குறேன் தெரியுமா?

அப்புறம் சனங்க எல்லாம் கைப்போன்ல வாங்க ஆரம்பிச்சாங்க. சேனல் இளைச்சுப்போச்சு. ஆறு அறிவிப்பாளர் ரெண்டு பேரானாங்க. ஒரே குவாலிச் சட்டியை மூணு மாசம் திருப்பித் திருப்பிக் காட்டினாங்க. நான் முனியாண்டி கோயில்ல போய் தேங்காய் உடைச்சேன்.

"சந்திரா, மூடுறாங்க லா!"

"பார்த்தேங்க."

அழுவான்னு நினைச்சேன். அழலை.

"ஸ்டோர் ரூம் எனக்கு வேணும். பாட்டு ரூம்!"

"உள்ள இருக்கிற சாமானெல்லாம்?"

"வித்துத் தள்ளு!"

"வித்த காசு?"

"நீயே வச்சுக்க! ரூம் மட்டும் எனக்கு!"

சேனலோட கடைசி நாளும் வந்துச்சு, எல்லாம் பாதி விலை. ஒரு கராவோக்கே மைக்கைக் காட்டினாங்க. மூலையில கடிகாரம் ஓடுது. எனக்குக் கை பரபரங்குது. அலமாக், நானே போன் போட்டுட்டேன்!

"சந்திரமதி மேடம் வீடா சார்?" எடுத்த பொண்ணு தேம்பினா. "அவங்க குரலைக் கேக்காம நாங்க எப்படி இருக்கப்போறோம்?"

மறுவாரமே சந்திரமதி கைப்போன் முன்னாடி நின்னு லைவ் போட்டு, ஸ்டோர் ரூம் சாமானை விக்க ஆரம்பிச்சா. தங்காக்ல இருந்து காஹாங் வரைக்கும் எல்லா ஊர்க்காரங்களும் அள்ளிக்கிட்டுப் போனாங்க. பெட்டி சுமந்து எனக்கு முதுகு விட்டுப்போச்சு. ஆனா மனசு பறந்துச்சுங்க! ரூம் காலி! சனிக்கிழமை குளிச்சு, விபூதி பூசி, நான் வாங்கின மைக்கோட உள்ள நுழைஞ்சேன்.

பளீர்னு வட்ட லைட்டு. ஊதாத் திரை. ஓரத்துல புத்தம்புதுசா நாப்பது பெட்டி.

"என்னடி இது?"

"சேனல்காரங்க மிச்சத்தை மொத்தமா தள்ளிவிட்டாங்க. என் காசுல எடுத்துட்டேன். முடி வளர்ற தொப்பி. அந்த மைக்கைக் குடுங்க."

"என் ரூம்?"

"உங்க ரூம்தாங்க. யாரு இல்லேன்னாங்க? வாங்க, இந்த லைட்டுக்கு நேரா நில்லுங்க."

நின்னேன். லைவ் ஓடுது. முந்நூறு பேர் பாக்குறாங்க.

"நல்லாப் பார்த்துக்குங்க அக்கா," என் மைக்ல சொல்லிக்கிட்டே என் வழுக்கையைத் தட்டினா சந்திரமதி. "இதுதான் தொப்பி போடாத தலை!"

அஞ்சே நிமிஷத்துல நாப்பதும் வித்துப்போச்சு. எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை.