எண்பத்திரண்டு கிலோ அப்பா

குளியலறைத் தராசின் மேல் நின்றுகொண்டு கிருபானந்தன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். இலக்கத்தை வயிறு மறைத்துக்கொண்டதால், அதைக் குனிந்து வாசிக்கும் பொறுப்பு மனைவி சிவசோதியுடையது.

"தொண்ணூற்று நாலு," என்றாள் அவள்.

"தராசு பழசு."

பழசுதான். அன்று பின்னேரமே கிளென் வேவர்லிக் கடையொன்றில் புதுத் தராசு வாங்கப்பட்டது. அது தொண்ணூற்றைந்து காட்டியது. அதன் பிறகு பழைய தராசின் மேல் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் துவாரகா டொக்டர். நாட்டின் நடுவே, செம்மண் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரின் கிளினிக்கில் பத்து மாதமாக வேலை செய்கிறாள். ஊருக்குப் போகும் பாதை வரைபடத்தில் மட்டும் நன்றாக இருக்கும். மற்றபடி, பக்கத்து நகரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் ஒரு குட்டிப் பிளேன் போகும். புதர்களை வெட்டி ஒதுக்கிய மண் ஓடுபாதையில் கங்காருக்கள் சம்மதித்தால் இறங்கும்.

மகளின் பிறந்தநாளுக்கு அங்கே போய் நிற்பதென்று கிருபானந்தன் முடிவெடுத்திருந்தார். கிளினிக்கின் வசதிகளைப் பார்வையிடப் போவதாக வெளியில் சொல்லிக்கொண்டார். உண்மையில் பிள்ளையைப் பாராமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காமலேயே தொண்ணூற்று நாலு.

எல்லாவற்றையும் கெடுத்தது துவாரகா போனில் சொன்ன செய்தி. "அப்பா, அது சரியான சின்னப் பிளேன். உடுப்போட சேர்த்து ஆளுக்கு எண்பத்திரண்டு கிலோதான். கொண்டுவாற பாக் பத்து கிலோ. வெரி ஸ்ட்ரிக்ட். மூண்டு மாசம் இருக்குத்தானே, பாருங்கோ."

நிறையைப் பற்றிப் பேசுபவர்களைக் கிருபானந்தனுக்குப் பிடிக்காது. இரத்தத்தில் சீனி ஏறுகிறது, உடம்பைக் குறையுங்கள் என்று சொன்ன குற்றத்துக்காக இரண்டு டொக்டர்களை மாற்றியவர் அவர். மூன்றாவது டொக்டர் கெட்டிக்காரர், வாயே திறப்பதில்லை. துவாரகாவும் படித்து முடித்த புதிதில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நீ என்ர மகளோ, நான் உன்ர மகனோ?" என்று கேட்டு அந்த ஆலோசனையை அவர் முடித்துவைத்தார்.

ஆனால் பிளேனை மாற்ற முடியாது. இருப்பது ஒன்றுதான்.

முப்பது வருடம் கணக்காளராக இருந்தவர், கணக்கால் வெல்லப் பார்த்தார். அந்தப் பிளேனின் முதலாளி, விமானி, டிக்கெட் எழுதுபவர் எல்லாமே பாரி என்ற ஒரே மனிதர். கிருபானந்தன் அவருக்குப் போன் எடுத்து, தான் தொண்ணூற்று நாலு, மனைவி ஐம்பத்தாறு, கூட்டி இரண்டால் பிரித்தால் ஆளுக்கு எழுபத்தைந்துதான் வருகிறது என்று விளக்கினார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சராசரியை ஏற்ற முடியாது, ஆட்களைத்தான் ஏற்றலாம் என்றார் பாரி. காலையில் எத்தனை மணிக்கு நடக்கப் போகிறீர்கள் என்றும் அக்கறையாக விசாரித்தார். வானிலை விசாரிப்பதுபோல இதுவும் ஒரு வெள்ளைக்கார மரியாதை என்று கிருபானந்தன் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நடை தொடங்கியது. ரயில் நிலையம் வரை நடப்பார். நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மட்டன் ரோல்ஸ் சூடாக இருக்கும். நடந்த களைப்புக்கு இரண்டு. இரண்டு கிழமை இப்படிக் கடுமையாக உழைத்ததில் ஒரு கிலோ கூடியிருந்தது. தசையாக இருக்கலாம் என்றார். அவர் சட்டைக் கையிலிருந்து ஒரு ரோல்ஸ் துகளைத் தட்டிவிட்ட சிவசோதி, "ஓம், ஆட்டுத் தசை," என்றாள்.

அடுத்த தவறு கேரம் டவுன்ஸ் கோயிலில் நடந்தது. மகளைப் பார்க்கப் போகும் செய்தியைச் சிவசோதி அங்கே சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்களிடம் ஒருவர் பயணம் போவதாகச் சொல்வதும் இலவசத் தபால் சேவை திறப்பதும் ஒன்றுதான். பாவம் பிள்ளை, காட்டுக்குள் என்னத்தைத் தின்னுதோ என்று மிளகாய்த்தூள், ஒடியல் மா, மோர் மிளகாய், பருத்தித்துறை வடை எல்லாம் வீடு தேடி வந்தன. பத்துக் கிலோப் பை முப்பது கிலோ ஆனது.

சிவசோதி இதற்கும் வழி கண்டாள். மீன் பிடிக்கிறவர்கள் போடும், உடம்பெல்லாம் பொக்கெற் வைத்த ஓர் அங்கியை வாங்கி வந்தாள். "பைக்குள்ளயும் என்ர மேலிலயும் போகாதது உங்கட மேலில போகலாம்தானே," என்றாள்.

"என்னையும் உடுப்போட நிறுப்பினமப்பா."

"அப்ப நீங்கள் எழுபத்தெட்டுக்கு வாங்கோ. மிச்சம் நாலு கிலோ தூளுக்கு."

அன்றிலிருந்து அவருடைய உடம்பு சிவசோதியின் பயணப் பை ஆகிவிட்டது. இரவுப் புட்டை நிறுத்தினால் ஒடியல் மா போகும், காலைப் பாண் துண்டை நிறுத்தினால் மோர் மிளகாய் போகும் என்று அவள் அவரில் இடம் ஒதுக்கிக்கொண்டே போனாள். அவரும் கடைப் பக்கம் போவதை விட்டு, பூங்காவில் ஏரியைச் சுற்றி நடந்தார். நடக்கும்போது அவருக்கு ஒரு பயம் இருந்தது. மகள் அங்கேயே பழகி, இனி இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாளோ என்ற பயம். ரோல்ஸின் வாசத்தை அந்தப் பயம்தான் வென்றது.

உடம்பு உண்மையிலேயே குறையத் தொடங்கியது. புதுச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. காற்சட்டை இடுப்பில் நிற்காத கிருபானந்தனைக் கோயிலில் பார்த்த நண்பர் மகேந்திரராஜா, அவரைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒளிக்காதேங்கோ கிருபா. டொக்டர்மார் என்ன சொல்லினம்?"

"டொக்டர்மார் என்னத்தைச் சொல்லுறது. நான் மகளைப் பார்க்கத்தான் போறன்."

போதாதா? இங்கே டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள், கடைசியாகப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போகிறார் என்று அன்று இரவே செய்தி பரவியது. ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். வெறுங்கையோடு வருவார்களா? ஆட்டெலும்புச் சூப், இடியப்பம், சொதி, வட்டிலப்பம். சாகப்போகிறவர் சாப்பிடாமல் விட்டால் வந்தவர்களின் மனம் நோகும் என்று கிருபானந்தன் எல்லோருடைய மனதையும் காப்பாற்றினார். ஒரே கிழமையில் மூன்று கிலோ திரும்பி வந்தது. கன்னம் உப்பியதைப் பார்த்தவர்கள், அது மருந்து செய்கிற வேலை என்று மேலும் அழுதார்கள்.

கடைசியில் சிவசோதி கதவைப் பூட்டிக்கொண்டாள். மிச்ச நாட்கள் கீரையும் நடையுமாகக் கழிந்தன.

பயண நாள் வந்தது. நகரத்து விமானத் திடலில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கம்பளி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, பக்கத்தில் தொப்பியோடு பாரி. பொக்கெற் எல்லாம் தூள் பொட்டலங்களாகப் புடைத்த அங்கியோடு கிருபானந்தன் தராசில் ஏறினார்.

எண்பத்து நாலு.

சப்பாத்தைக் கழற்றினார். எண்பத்து மூன்று. மிளகாய்த்தூளா, மனிதரா, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்றார் பாரி. சிவசோதியின் கண் முதலில் தூள் பொட்டலங்களுக்குத்தான் போனது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கிருபானந்தன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே அங்கியைக் கழற்றினார்.

எழுபத்தொன்பது.

பாரி தொப்பியைக் கழற்றி அவருடைய கையைக் குலுக்கினார். இனிப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நினைத்ததும் கிருபானந்தனுக்குக் கண் கலங்கியது.

அந்தக் கலங்கிய கண்ணால்தான் அவர் மற்றதையும் பார்த்தார். பாரியும் இன்னொருவரும் ஓர் ஆளுயரப் பிரிட்ஜைப் பிளேனுக்குள் தள்ளினார்கள். பின்னால் நான்கு லொறி டயர்கள் போயின. அதற்குப் பின்னால் கையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியோடும் வாயில் அதன் பாதியோடும் ஒரு மெக்கானிக் ஏறினார். இரண்டு கிருபானந்தன்களைச் சேர்த்துத் தைத்த அளவு. பிளேன் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தராசுப் பக்கம் யாரும் திரும்பவேயில்லை. கடைசியாகப் பாரி, மிளகாய்த்தூள் அங்கியையும் எடுத்து அலட்சியமாக உள்ளே எறிந்தார்.

"அந்த ஆளை நிறுக்கவில்லையா?" என்று கிருபானந்தன் கேட்டார்.

பாரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போன கிழமை இதிலே இரண்டு மாடுகளை ஏற்றிக்கொண்டு போனேன். எண்பத்திரண்டு கிலோ என்பது பிளேனின் சட்டம் இல்லை, மேட். உங்களுக்கு உங்கள் டொக்டர் மகள் எழுதிய மருந்து."