மனநிறைவு மிதி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு உண்மையான காரணம், என்றாவது ஒருநாள் அதைப் பற்றி ஒரு குழு அமைக்கலாம் என்பதுதான். அந்த நாள் வந்துசேர ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இடம், குவாஹு மலையுச்சியில் ஓபோ ஊரின் வண்டி நிலையம். குழுவின் பெயர், 'ஓட்டுநர் உள்ளக்கிடக்கை அறியும் உயர்மட்டக் குழு'. நாட்டில் புதிதாகத் தயாராகப் போகும் வேன்களில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று ஓட்டுநர்களையே கேட்டு எழுதுவது அதன் பணி. உறுப்பினர்கள் ஏழு பேர். ஏழு பேரும் வாழ்நாளில் ஒருமுறைகூட வண்டி ஓட்டியதில்லை. நடுநிலைமைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அன்று ஓட்டுநர் ஒடூரோ ஒரே ஒரு சொல்லோடு கூட்டத்துக்கு வந்திருந்தார். பொதுவாகவே அவர் பேசுவது குறைவு. ஓபோவிலிருந்து குமாசி நகரம் போய்ச்சேர்வதற்குள் அவர் பேசும் சொற்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்பார்கள். அதில் இரண்டு, எதிரில் வரும் லாரிக்கானவை.

அவர் ஓட்டியது பதினோரு பயணிகள் அமரும் பழைய வேன். பின் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'இன்னும் இருக்கிறேன்' என்று எழுதியிருக்கும். ஓபோவிலிருந்து கிளம்பினால் முதலில் மலை இறங்க வேண்டும். மலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். வேனின் பிரேக்கை முதல்முறை மிதித்தால் அது காதில் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் முறை மிதித்தால் யோசிக்கும். மூன்றாம் முறை, மனமிருந்தால், பிடிக்கும். வண்டியின் 'மேட்', அதாவது நடத்துநர், அட்டா என்ற நாற்பத்தைந்து வயதுக்காரர். மடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார். வண்டி நின்றதும் குதித்து, டயருக்கு அடியில் கட்டையைச் செருகுவார். தயாரித்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நடைமுறையில் அட்டாதான் கைபிரேக்.

வேனின் முதலாளி தலைநகர் அக்ராவில் இருந்தார். பிரேக்கைப் பற்றித் தொலைபேசியில் சொன்னால், "ஈஸ்டர் முடியட்டும்" என்பார். ஒவ்வோர் ஈஸ்டருக்கும் முன்னால் இதையே சொல்லி, சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயரைக் காப்பாற்றி வந்தார்.

ஒடூரோவின் மனைவி தினமும் காலையில் வாசலில் நின்று கேட்பார்.

"அஃபுவா அப்பா, நேத்து பிடிச்சுதா?"

"மூணாவது மிதியில."

"முந்தாநாள் ரெண்டாவதுல பிடிச்சுதே?"

ஒடூரோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. ஈஸ்டர் கொண்டாட நாடே குவாஹு மலை ஏறும். முடிந்ததும் நாடே ஒரே நாளில் இறங்கும். அதில் பதினோரு பதினோரு பேராக எத்தனை பேர் தன் பின்னால் உட்கார்ந்து இறங்குவார்கள் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். அதனால்தான் அந்த ஒரு சொல்லோடு வந்திருந்தார்.

கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. பிறகு தலைவர் டாக்டர் அம்போஃபோ அறிமுகப்படுத்தப்பட்டார். அவர் தலைமையை ஏற்றுக்கொள்வதாக உரை நிகழ்த்தினார். ஏற்றுக்கொண்டதற்கு ஒருவர் நன்றி சொன்னார். நன்றி சொன்னவரைத் தலைவர் பாராட்டினார். இத்தனையும் இரண்டே மணி நேரத்தில் முடிந்தது குழுவின் வேகத்துக்கு எடுத்துக்காட்டு.

முதலில் எழுந்தவர் போவாட்டெங் என்ற ஓட்டுநர்.

"டாக்டர் ஐயா, இந்த ஹாரன் எல்லாருக்கும் ஒரே மாதிரி கத்துதுங்க. சாவு ஊர்வலத்துக்கும் அதே சத்தம், ஆட்டுக்கும் அதே சத்தம். ஆளைப் பாத்துப் பேசுற ஹாரன் வேணும்."

"ஆட்டுக்கு என்ன சொல்ல வேண்டும்?"

"ஆட்டுக்கு மரியாதையா சொன்னாப் போதும். டாக்சிக்காரனுக்குத்தான் அவங்க அப்பா அம்மாவையும் கொஞ்சம் சேத்துக்கணும்."

'உறவுமுறை அறிந்த ஹாரன்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

அடுத்தவர் பிரசங்கியார்களைப் பற்றிச் சொன்னார். "குமாசி வண்டியில ஏறி ஆரம்பிச்சா அவங்க இறங்குற வரைக்கும் நிறுத்தறதில்ல, ஐயா. ரேடியோவுக்கு இருக்கிற மாதிரி அவங்களுக்கும் சத்தத்தைக் குறைக்க ஒரு திருகு வைங்க." குழுவில் ஒரு போதகரும் இருந்தார். அவர் முகம் சிவக்க எழுந்துவிட்டார். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு சமரசம் எட்டப்பட்டது. திருகு வைக்கப்படும், ஆனால் அது சத்தத்தைக் கூட்ட மட்டும் செய்யும்.

மூன்றாமவர் சொன்னது குழுவை உலுக்கிவிட்டது.

"வளைவு வந்தா பயணிங்க எல்லாரும் காலால தரையை அமுக்குறாங்க. ரெண்டு வருஷத்துல தகரம் ஓட்டை. ஆளுக்கொரு பிரேக் வச்சுக் குடுத்துருங்க, மிதிச்சுக்கட்டும்."

"எல்லோரும் மிதித்தால் வண்டி நின்றுவிடாதா?"

"எதோடயும் சேக்க வேணாம், ஐயா. சும்மா இருந்தாப் போதும்."

டாக்டர் அம்போஃபோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மக்களுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை எதோடும் சேர்க்காமல் வைப்பது! இருபத்தாறு ஆண்டு அரசுப் பணியில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்." அந்த வசதிக்கு அவரே பெயர் சூட்டினார்: 'பயணியர் மனநிறைவு மிதி'.

பிறகு நிபுணர் சாட்சியாக ஆன்ட்டி அஃப்ரியே அழைக்கப்பட்டார். அந்த நிலையத்தில் எந்த வண்டியும் நிரம்பாமல் கிளம்பாது. காலி வண்டியிலோ யாரும் ஏறமாட்டார்கள். ஆகவே சிலர் பயணிகள் போல ஏறி அமர்ந்திருப்பார்கள். உண்மைப் பயணிகள் வரவர, ஒவ்வொருவராக நழுவி இறங்கிவிடுவார்கள். ஆன்ட்டி அஃப்ரியே அந்தத் தொழிலில் முதலிடத்தில் இருந்தவர்.

"எத்தனை ஆண்டு அனுபவம்?"

"பதினாலு வருஷமா குமாசிக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன், டாக்டர். இன்னும் போனதில்ல."

"இந்த வேலையில் மிகவும் கடினமானது எது?"

"முகம்தான். அவசரமும் தெரியணும், நம்பிக்கையும் தெரியணும். அதுவும் இந்த ஒடூரோ வண்டியில நம்பிக்கையா உக்காருறது இருக்கே, அது எல்லாராலயும் ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒடூரோ சிரிக்கவில்லை. குழு அந்த இடத்திலேயே 'நிரந்தரப் பயணிகள்' திட்டத்தை ஏற்றது. வண்டிக்கு நான்கு பொம்மைகள், இருக்கையோடு சேர்த்துத் திருகப்பட்டவை. இனி எந்த வண்டியும் காலியாகத் தெரியாது. ஆன்ட்டி அஃப்ரியேயின் பதினாலு ஆண்டுச் சேவையைக் கௌரவித்து அவருடைய வேலை பொம்மைக்கு வழங்கப்பட்டது.

கடைசியாக ஒடூரோவை அழைத்தார்கள். அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"பிரேக்."

செயலாளர் பேனாவை நிறுத்தினார். "எங்கே வேண்டும்? பயணிக்கா?"

"எனக்கு."

"உங்கள் வண்டியில் பிரேக் இல்லையா?"

"இருக்கு."

"பின்னே?"

"பிடிக்கல."

குழு கூடிக் கலந்தாலோசித்தது. டாக்டர் அம்போஃபோ மிகுந்த பரிவோடு விளக்கினார். "பாருங்கள் மிஸ்டர் ஒடூரோ, இல்லாததைத்தான் விரும்ப முடியும். இருக்கிற பொருளை எப்படி விரும்புவது? அது விருப்பம் ஆகாது, புகார் ஆகிவிடும். புகாருக்குத் தனிக் குழு உண்டு. அதை இன்னும் அமைக்கவில்லை. அதுவரை வேறு ஏதாவது விரும்புங்களேன். கோப்பை வைக்க ஒரு இடம்?"

ஒடூரோ தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து அட்டாவின் குரல் வந்தது.

"மாஸ்டர், எனக்காவது ஒரு புதுக் கட்டை கேளுங்க."

ஒடூரோ உட்கார்ந்துவிட்டார். 'திரு. ஒடூரோ முழுத் திருப்தி தெரிவித்து அமர்ந்தார்' என்று செயலாளர் எழுதினார்.

முழுத் திருப்தி தெரிவித்தவர் நிலையத்திலேயே அவர் ஒருவர்தான் என்பதால், மாதிரி வசதிகளைப் பொருத்த அவருடைய வேனையே தேர்ந்தெடுத்தார்கள். முதலாளி அக்ராவிலிருந்து உடனே சம்மதித்தார். வேலை இரண்டு வாரம் நடந்தது. ஹாரன் வந்தது. திருகு வந்தது. ஏழு மனநிறைவு மிதிகள், பளபளக்கும் ரப்பர் உறையோடு வந்தன. நான்கு பொம்மைகள் வந்தன. ஒன்றின் தலையில் ஆன்ட்டி அஃப்ரியேயின் தலைத்துணி போலவே ஒன்று கட்டியிருந்தது. மெக்கானிக்குகள் மிதிகளைப் பொருத்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஒடூரோ குனிந்து, பிரேக் குழாய் பக்கம் விரலை நீட்டிக் காட்டினார்.

"அது எங்க லிஸ்ட்ல இல்ல, அண்ணே" என்றார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று தொடக்க விழா. குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் அந்த வேனில் மலையிறங்கி, வசதிகளை நேரில் அனுபவிப்பதாக ஏற்பாடு. ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே ஆன்ட்டி அஃப்ரியே ஏறி, தன் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு உக்காரவே தெரியல. கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கா."

டாக்டர் அம்போஃபோ ஏறியதும் ஆன்ட்டி சட்டென்று எழுந்து இடம்விட்டு இறங்கிவிட்டார். பதினாலு வருடப் பழக்கம். வேன் நிரம்பியது. விதிப்படி, நிரம்பிய வண்டி கிளம்ப வேண்டும்.

ஒடூரோ சாவியைத் திருப்பாமல் பின்னால் திரும்பினார். "டாக்டர் ஐயா. பிரேக்."

"இன்று கொண்டாட்ட நாள், மிஸ்டர் ஒடூரோ" என்றார் தலைவர், புன்னகையோடு.

மற்ற ஆறு பேரும் தலையசைத்தார்கள். ஒடூரோ சாவியைத் திருப்பினார். வண்டி ஆடியதில் பொம்மைகளும் தலையசைத்தன.

முதல் வளைவில் பிரேக் மூன்றாவது மிதியில் பிடித்தது. இரண்டாம் வளைவில் ஐந்தாவது மிதியில். மூன்றாம் வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பிரேக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒடூரோ கியரைக் குறைத்தார். இஞ்சின் அலறியது. ஹாரனை அழுத்தினார். அது எதிரில் வந்த ஆடுகளிடம் மிகுந்த மரியாதையோடு வழி கேட்டது.

"வேகம் கொஞ்சம் அதிகமில்லையா?" என்றார் செயலாளர்.

"மிதியுங்கள்!" என்று தலைவர் உத்தரவிட்டார். ஏழு வலது கால்கள் ஏழு மிதிகளை ஒருசேர மிதித்தன. எல்லோர் முகத்திலும், சரியாக ஒரு வளைவின் தூரத்துக்கு, மனநிறைவு தெரிந்தது. பிறகு போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். யாருடைய முழங்கையோ பட்டுத் திருகு திரும்ப, அவருடைய குரல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. அட்டா கதவைத் திறந்து, கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிக்க இடம் பார்த்தார். இடம் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காற்று.

நான்காம் வளைவின் உட்புறத்தில், சாலையைச் செப்பனிட எட்டு ஆண்டுகளுக்கு முன் கொட்டிய ஜல்லிக்குவியல் ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. ஒடூரோ அதை எட்டு ஆண்டுகளாக தினமும் பார்த்து வைத்திருந்தார். வேனை அதில் செருகினார். ஜல்லி மேற்கூரை வரை பறந்தது. வண்டி நின்றது. அட்டா குதித்துப் போய், நின்றுவிட்ட டயருக்கு அடியில் கட்டையை வைத்தார்.

யாருக்கும் பெரிய காயமில்லை. மலைச் சோதனைச் சாவடியிலிருந்து காவலர் ஒருவர் நோட்டோடு ஓடிவந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பதினோரு பேரும் இருக்கையில் நேராக அமர்ந்து முன்னால் வெறித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் அம்போஃபோவின் கால் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

"என்ன மாஸ்டர், வண்டியில பொம்மை வச்சிருக்கீங்களாமே?" என்றார் காவலர். "ரிப்போர்ட்ல எழுதணும். எத்தனை பொம்மை?"

ஒடூரோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாலுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஐயா" என்றார். "நான் எண்ணிப் பாத்தேன். பதினொண்ணு."