பேய்க்குக் காய்ச்சல் பார்த்தவர்

பேய்க்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று அளந்து பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒன்றரை வருடம் ஒரே குளியலறையைப் பங்கிட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்கிறேன். வேறு யாராவது அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடினால், நம்பாதீர்கள்.

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய மரவீடு. அதன் பின்பகுதியில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. ஊரிலிருந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் 'பதினெட்டு அண்ணை'. யாழ்ப்பாணத்துக்காரர். விடியுமுன் ஒரு பேக்கரிக்குப் போய், அவர் பாண் என்று சொல்கிற ரொட்டிக்கு மாவு பிசைந்துவிட்டு மதியம் திரும்புவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் வெப்பமானி வைத்திருப்பார். ரசத்தை அளப்பார், குளிக்கிற தண்ணீரை அளப்பார், ரயிலில் உட்காருமுன் இருக்கையை அளப்பார். ஒருமுறை கோயிலில் கையில் ஊற்றிய தீர்த்தத்தை அளந்ததால், குருக்கள் இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தார்.

"உயிருள்ள எல்லாத்துக்கும் ஒரு டிகிரி இருக்கு தம்பி. பாணுக்குப் போடுற ஈஸ்ட்டுக்கு முப்பது. பியருக்குப் போடுற ஈஸ்ட்டுக்குப் பதினெட்டு. ஒண்டு கூடினாலும் அதுக்கு விசர் பிடிக்கும்" என்பார்.

அவருடைய பெயரும் இந்தப் பதினெட்டிலிருந்து வந்ததுதான். இத்தனைக்கும் அவர் பியரைத் தொட்டதில்லை. வாசனை பட்டாலே தும்முவார்.

நான் மதுரைப் பக்கம். எங்கள் பக்கத்தில் பதினெட்டு என்றால் படிமேல் அரிவாளோடு நிற்கிற சாமிதான் நினைவுக்கு வரும். அறிமுகமான அன்று பயத்தில் நான் கும்பிட்டதை, நல்ல பிள்ளை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பியரும் அவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதற்கு வீட்டுக்காரம்மாவைச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். முன்பகுதியில் தனியாக இருந்தார். நான் குடிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு அவருடைய கணவர் இறந்துபோயிருந்தார். அண்ணை அதற்கும் முன்பிருந்தே அங்கே குடியிருந்தவர். அந்தக் கணவர் பல வருடங்களாக வீட்டுக் கராஜில் சொந்தமாகப் பியர் காய்ச்சியவர். கராஜுக்கும் அந்த அம்மாளின் படுக்கையறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். பியர் பீப்பாயின் மூடியில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று செருகியிருக்கும். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்தால் காற்று அந்த வழியாக வெளியேறும். ப்ளக். கொஞ்சம் விட்டு இன்னொரு ப்ளக். அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தூங்கிப் பழகியவர். சத்தம் நின்ற பிறகு தூக்கமும் நின்றுவிட்டது. மழை நாட்களில், அங்கே குளிர்காலமான, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஜூலை மாதத்தில், அவர் நடைகூடத்தில் மெதுவாக நடந்து வந்து கராஜ் கதவில் காதை வைத்து நிற்பார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தக் காட்சியில் கண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை, பாதி பயம்.

அந்தக் கராஜ் கதவின் முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தரை எப்போதும் சில்லென்று இருக்கும். பதினெட்டு அண்ணை அளந்து பார்த்தார். மற்ற இடத்தைவிட இரண்டு டிகிரி குறைவு.

"அவர்தான் நிக்கிறார்" என்றார், பேருந்து வந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் ஒதுங்கி, "ஒருக்கா வழி விடுங்கோ" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் அந்தப் பக்கமே போகாமல், துணி துவைக்கும் இடத்துக்குக்கூட வீட்டைச் சுற்றிக்கொண்டு மழையில் நடந்தேன்.

ஒரு நாள் அம்மாள் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு ஜாம் பாட்டில். அடியில் சாம்பல் நிறத்தில் கூழ். வீடு விற்றுப் போய்விட்டது, வியாழக்கிழமை காலையில் மகள் வந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் பக்குரங்காவுக்கு அழைத்துப் போகிறாள் என்றார். இது அவருடைய கணவர் கடைசியாகக் காய்ச்சிய பியரின் ஈஸ்ட். ஒவ்வொரு தடவையும் பழையதில் கொஞ்சம் எடுத்து அடுத்ததற்குப் போடுவார், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஓடுகிற வம்சம் என்றார். குடிக்க ஒன்றும் வேண்டாம். போவதற்குள் ஒரு ராத்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கவேண்டும். செய்ய முடியுமா?

அண்ணை பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார். கைக்குழந்தையை வாங்குவதுபோலத்தான் வாங்கினார். உள்ளே இருந்ததெல்லாம் அவ்வளவுதான். ஒரு தடவைக்குத்தான் வரும்.

கராஜ் பதினோரு டிகிரி. அந்தக் குளிரில் ஈஸ்ட் கண்விழிக்காது. இறந்தவருடைய பழைய பிரிட்ஜ் அங்கே நின்றது. அதைக் குளிரவைக்காமல், உள்ளே ஒரு மின்விளக்கைப் போட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம் என்றார் அண்ணை. பிரிட்ஜ் வெறும் பெட்டி, விளக்குதான் அடுப்பு. எப்போது ஏற்ற, எப்போது அணைக்க என்று பார்த்துக்கொள்ள, பேக்கரியில் கழித்துப்போட்ட மாவு பொங்கவைக்கும் பெட்டியிலிருந்து ஒரு டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி வந்திருந்தார். தீப்பெட்டிகள் நாலைச் சேர்த்து வைத்த அளவு. முகத்தில் சிவப்பு எண்கள், மூன்று பொத்தான்கள், பின்னால் ஒரு வால்: நுனியில் வெப்பத்தை உணரும் சென்ஸர்.

"தம்பி, நீர் இஞ்சினியர்தானே?"

த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கடையில் டின் மீன் அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. "எலக்ட்ரிக்கல்ண்ணே. முதல் வகுப்பு" என்றேன். அந்த முதல் வகுப்பு தேர்வுத்தாளில் மட்டும் வாங்கியது என்பதை, பத்தாவது நிமிடத்தில் மொத்த வீட்டின் ஃபியூஸையும் போக்கியபோது அண்ணை புரிந்துகொண்டார். போய் மெழுகுவர்த்தி கொண்டுவந்தார். அதன் வெளிச்சத்தில் இரண்டாம் முறை இணைத்தேன்: மின்சாரம் இரண்டு திருகில், சென்ஸர் இரண்டு திருகில், விளக்குக்குப் போகும் கம்பி, தானே ஏற்றி அணைக்கும் ரிலே சுவிட்சின் வழியாக. ஃபியூஸ் கம்பியை மாற்றியதும் சிவப்பு எண்கள் கண் திறந்தன. அண்ணை அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். புது வண்டிக்கு வைப்பதுபோல, பக்கவாட்டில், தாராளமாக.

அடுத்து, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. கையேடு கிடையாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். எத்தனை டிகிரி? பதினெட்டு. எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம்? அரை. கடைசியில் ஒரு கேள்வி. பெயரில்லை, பூஜ்யமா ஒன்றா என்று மட்டும் கண் சிமிட்டியது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மொய் வைத்தாலும் நூற்றொன்று வைக்கிற இனம் நாங்கள். இதில் யாழ்ப்பாணம், மதுரை என்ற பேதமே கிடையாது.

"சைபரிலயோ முடிக்கிறது?" என்றார் அண்ணை.

"சேச்சே" என்றேன். ஒன்றை வைத்தேன்.

அது சனிக்கிழமை காலை. சர்க்கரையும் மால்ட்டும் கரைத்த பத்து லிட்டர் தண்ணீர் பீப்பாயில் இளஞ்சூட்டில் இருந்தது. பாட்டில் ஈஸ்ட்டை ஊற்றி, குழாயைச் செருகி, சென்ஸரைப் பீப்பாயில் ஒட்டி, பிரிட்ஜை மூடினோம். உள்ளே நூற்றைம்பது வாட் விளக்கு. சின்னதாகப் போட எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரிந்தது. வெற்றி என்று நினைத்து இருவரும் கோயிலுக்குப் போய்விட்டோம்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். மழை. நடைகூடத்திலேயே சத்தம் கேட்டது. ஆனால் அது அம்மாள் சொன்ன சத்தம் இல்லை. ப்ளக்ப்ளக்ப்ளக் என்று, மாடிப்படி ஏறிவந்த கிழவர் மூச்சு வாங்குவதுபோல. கராஜ் கதவைத் திறந்தால் இருட்டு. நடுவில் அந்தப் பிரிட்ஜ் மட்டும் கதவின் ரப்பர் விளிம்பு நெடுக மஞ்சளாகக் கசிந்துகொண்டு, உள்ளே யாரோ விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல நின்றது. அதன் தலையில் சிவப்பு எண்: 36.8.

அண்ணை சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்தார். கதவை ஒரு விரல்கடை திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, பீப்பாயின் இடுப்பில் வைத்துப் பார்த்தார். வெளியே எடுத்துப் படித்தார்.

"முப்பத்தேழு" என்றார் மிக மெதுவாக. "மனுசச் சூடு."

எங்களுக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது. அம்மாள் அந்தச் சில்லென்ற இடத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பிரிட்ஜைப் பார்த்தபடி, கடைசி வாரம் கணவர் இப்படித்தான் மூச்சு வாங்கினார் என்றார். காய்ச்சல் இறங்கவே இல்லை என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் ஓடினேன். ஓடிப்போய்க் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் கதவைத் தட்டி, "நானும் வாறன், திறவும்" என்றார் அண்ணை. குளியல்தொட்டியின் இரு முனையிலும் காலை மடக்கி உட்கார்ந்து, அவர் தேவாரம் சொன்னார், நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொன்னேன். இரண்டும் கலந்ததில் எந்தப் பேய்க்கும் புரிந்திருக்காது.

அறிவு ஆறு மணிக்குத்தான் வந்தது. பதினெட்டுக்கு மேலே போனால் அணையவேண்டிய விளக்கு ஏன் அணையவில்லை? ஓடிப்போய்க் கருவியின் பக்கவாட்டில் இருந்த குங்குமத்தைத் துடைத்தேன். அடியில் சின்ன ஸ்டிக்கர். பூஜ்யம் என்றால் சூடாக்குவது. ஒன்று என்றால் குளிரவைப்பது. பீப்பாயின் இளஞ்சூடே பதினெட்டைத் தாண்டியிருந்தது; சூடு கூடக் கூட, குளிரவைக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் அது விளக்கை விடாமல் எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எண் இப்போது 51.

வயரைப் பிடுங்கினேன். கதவைத் திறந்தேன். ஈரத் துண்டுகளைச் சுற்றினோம். அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் வந்தது. பீப்பாய் ஆற ஆற, குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. விக்கல்போல, பின்னோக்கி. க்ளுப். நீண்ட நேரம் கழித்து இன்னொரு க்ளுப். அப்புறம் எதுவுமே இல்லை.

பூஜ்யம் வைத்தோம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் எண் பதினெட்டிலிருந்து இம்மியும் நகரவில்லை. விளக்கு ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக அணைந்தது. உள்ளேதான் ஆள் இல்லை.

ஒவ்வொரு மாலையும் அம்மாள் வந்து கதவில் காதை வைத்தார். செவ்வாயன்று, உள்ளே கணவர் தூங்குகிறாரா என்று கேட்டார். "ஓம், நல்ல நித்திரை" என்று அண்ணை தமிழிலேயே பதில் சொன்னார். அம்மாள் தலையாட்டிவிட்டுப் போனார்.

"அண்ணே, பேக்கரி ஈஸ்ட் ஒரு ஸ்பூன் போட்டா பொங்கிரும். அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஃபியூஸ்போல உருகினேன். "அது வேற ஆள்" என்றார்.

புதன்கிழமை. கடைசி நாள். வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குள் காலை வைத்தேன்.

ப்ளக்.

சாவி கையிலிருந்து விழுந்தது. காத்திருந்தேன். ப்ளக். நிதானமாக, ஆரோக்கியமாக. நடைகூடத்தில் நகர்ந்தேன். அம்மாளின் அறைக் கதவு சற்றே திறந்திருந்தது. கட்டிக் குவித்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவர் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை, சுவர்ப் பலகைமேல் விரிந்திருந்தது.

கராஜுக்குள் போனேன். பிரிட்ஜ் இருளில் மௌனமாக இருந்தது. குனிந்து காதை வைத்தேன். சத்தம் அதற்குள்ளிருந்து வரவில்லை. சுவரோரம், தரையோடு தரையாக, இருட்டு கொஞ்சம் கட்டியாக இருந்த இடத்திலிருந்து வந்தது. அந்தக் கட்டி அசைந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பதினெட்டு அண்ணை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரைச் சுவர்ப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தண்ணீருக்குள் பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறு முனை அவர் வாயில். கண்கள் கைக்கடிகாரத்தில்.

பேசாதே என்று கையைக் காட்டினார். பிறகு இரண்டு ஊதலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் பேசினார்.

"சோறு." ப்ளக். "வைச்சிருக்கு." ப்ளக். "போட்டுச் சாப்பிடும்."

"எப்பலேர்ந்துண்ணே?"

ப்ளக். "நாலு மணி."

கன்னங்கள் இரண்டும் வீங்கி இட்டிலிபோல இருந்தன. நான் எதிரே உட்கார்ந்தேன். குழாயை அவர் வாயிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, என் வாயில் வைத்துக்கொண்டேன். ஊதினேன். அந்த ஈஸ்ட்டை அவித்தவன் என்ற முறையில் அது என் வேலை.

நாலு ஊதல் பொறுத்துக்கொண்டார். ஐந்தாவதில் என் முழங்காலைத் தட்டினார்.

"கெதியா ஊதுறீர். அந்த மனுசன் ஆறுதலானவர், அவசரப்படமாட்டார். ஏழு செக்கனுக்கு ஒண்டு." அந்தக் கணவர் உயிரோடிருந்தபோது இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணை எத்தனை மாலைகள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாரோ, நான் கேட்கவில்லை, வாய் வேலையில் இருந்தது.

அப்படியே மாறி மாறி ஊதினோம். எட்டரைக்குப் பலகை இடுக்கில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. முடிந்தது என்று நான் குழாயை இறக்கினேன். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

"நித்திரை வரட்டும்" என்றார். "நீர் போய்ப் படும்."

நான் போகவில்லை. இந்த ஊரில் எனக்கென்று யாருமில்லை என்று வாராவாரம் வீட்டுக்கு எழுதுகிற ஒரு வரி உண்டு. அந்த வாரக் கடிதத்தில் அதை எழுதவில்லை.