தொட்டிக் கேமராவும் என் நாமமும்

நான் எழுதிய ஒரு செய்தியை எழுத்து விடாமல் நம்பிய ஒரே வாசகன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புதிதாகக் கேமரா வைத்திருந்தார்கள். தலைக்கவசம் போடாமல் யாராவது உள்ளே வந்தால் அதுவே கண்டுபிடித்து மேலாளருக்குத் தகவல் அனுப்பிவிடும். இதுதான் செய்தி. 'இனி இதன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது' என்று முடித்திருந்தேன். (இந்த வரியை யாரும் சொல்லவில்லை. பத்தியில் இடம் மிச்சமிருந்தது, நானே போட்டேன்.)

அந்த வாரம்தான் எனக்கும் ஜெபராஜுக்கும் ஸ்ரீபெரும்புதூரில் மாடி அறை கிடைத்தது. நான் ஒரு நாளிதழின் பகுதிச் செய்தியாளன். ஜெபராஜ் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன், வடக்குப்பட்டு அருகே கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் லைனில் வேலை. ஷிப்ட் பஸ் அந்தத் தெருமுனையிலேயே நிற்கும் என்பதால் அவனுக்கு அந்த அறை மேல் உயிர். அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. அவன் தங்கை ஜெனிட்டாவுக்குப் பக்கத்திலேயே செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவள் வந்து அண்ணனோடு தங்குவாள், நான் வெளி வராந்தாவில் படுத்துக்கொள்வேன் என்று பேச்சு. "வந்து பாப்பேன், வீட்டுக்காரவுக நல்லவுகளா இருந்தாத்தான் புள்ளைய அனுப்புவேன்" என்று அவன் அம்மா சொல்லிவிட்டார்.

வீடு பிடித்துக் கொடுத்த தரகர் பாபு, சாவியோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"சாமி வூடுப்பா. அய்யரு கோயில்ல சேவை பண்றவரு. முட்டை கூட ஆவாது. மாடில கேமரா வெச்சுகினு காலைல எந்திரிச்சதும் போன்ல அதத்தான் பாத்துகினு கீறாரு. உசாரா இருந்துக்கோ."

(அவர் அய்யர் இல்லை, அய்யங்கார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாபுவுக்கு இன்றும் தெரியாது.)

வீட்டுக்காரர் சம்பத் மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் அவர் அதிகம் கேட்கவில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்றார். "சைவம்தானே?" என்றார். இருவருக்கும் சேர்த்து நானே ஆமாம் என்றேன். நண்பர் பேர் என்ன என்றபோது, "ஜெயராஜ்" என்றேன்.

படியேறும்போது அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"ஏல, எம் பேர ஏம்ல மாத்துன?"

"வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப நீ ஜெயராஜ்."

கோயிலில் சேவை செய்பவர் ஒரு கிறிஸ்தவனுக்கு வீடு கொடுக்க மாட்டார் என்று நானே முடிவு செய்திருந்தேன். மாமாவையும் கேட்கவில்லை, ஜெபராஜையும் கேட்கவில்லை. செய்தியாளனாக இருந்தால் இரண்டு தரப்பையும் விசாரித்திருப்பேன். குடித்தனக்காரனாக இருந்ததால் விசாரிக்கவில்லை.

கேமரா மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் ஒரு கம்பத்தில் இருந்தது. கறுப்புக் கண்ணாடிக் குமிழ். அந்த மாதிரிக் கேமராவிடம் ஒரு சங்கடம், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எனவே அது என்னைத்தான் பார்க்கிறது என்று முடிவு செய்தேன்.

"அதுக்குக் காது உண்டால?" என்று ஜெபராஜ் கேட்டான்.

"இப்ப வர்றது எல்லாத்துக்கும் உண்டு. கறி எது, காய் எதுன்னு அதுவே கண்டுபிடிச்சிடும்."

பத்திரிகையில் பேர் வந்தவன் சொன்னதால் அவன் நம்பினான். அதன் பிறகு எங்கள் வாழ்க்கை தலைமறைவு இயக்கம் போலாகிவிட்டது. முட்டைகள் என் ஹெல்மெட்டுக்குள் மாடியேறின. ஓடுகள் காகிதத்தில் சுற்றப்பட்டு ஒரகடம் கூட்டுச்சாலைக் குப்பைத்தொட்டிவரை பயணம் செய்தன. கோழிக்கு 'கத்திரிக்காய்' என்று பேர் வைத்தோம். ஜெபராஜ் தினமும் ஜெபம் செய்பவன். அதைப் போர்வைக்குள் புகுந்து செய்ய ஆரம்பித்தான். அப்போது எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது.

இவ்வளவும் தற்காப்பு. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமாவிடம் நல்ல பேரும் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் விபூதி மட்டும்தான். எனவே கைப்பேசியில் 'நாமம்' என்று தேடி, முதலில் வந்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி முன் நின்று நெற்றியில் வரைந்தேன். நன்றாகவே வந்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு தொட்டியருகே போய், கம்பத்தைப் பார்த்துக் கைகூப்பி, கேமராவுக்கு நேராகத் தலை குனிந்தேன். சூரியனும் அந்தப் பக்கம்தான், யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். தினமும் செய்தேன். பக்தியில் நான் காட்டிய ஒழுங்கை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் ஆசிரியராகியிருப்பேன்.

இடையில் மாமா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார். மரியாதையில் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெபராஜின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். காலையில் அவரை அறையில் விட்டுவிட்டு நான் குன்றத்தூரில் ஒரு திறப்பு விழாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து முதல் படியில் கால் வைத்தபோதே தெரிந்தது. கருவாடு. அதுவும் எண்ணெயில் பொரிகிற கருவாடு. அதை 'கத்திரிக்காய்' என்று சொன்னால் கத்திரிக்காயே நம்பாது.

மேலே ஓடினேன். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஜெபராஜ் மூலையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவனால் அம்மாவைத் தடுக்க முடியவில்லை.

"வாங்க தம்பி. சாளக் கருவாடு. ஊர்லருந்து கொண்டாந்தேன். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?"

பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம். சம்பத் மாமா. அதுவரை அவர் மாடிக்கு வந்ததே இல்லை. முகம் சிவந்திருந்தது.

"சரவணன், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் கேட்கும்வரை பொறுத்திருக்கலாம். கேள்வியைக் காதில் வாங்காமல் பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மாமா, மன்னிச்சிடுங்க. இது கருவாடுதான். முட்டையும் தெனம் சாப்பிடுறோம். ஹெல்மெட்ல கொண்டு வருவேன். இவன் ஜெயராஜ் இல்ல, ஜெபராஜ். கிறிஸ்டியன். கேமராவுல நீங்க எல்லாத்தையும் பாத்திருப்பீங்க."

மாமா திரும்பிக் கம்பத்தில் இருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"அது தொட்டி ரொம்பறதான்னு பாக்க வெச்சது. மோட்டாரைப் போட்டுட்டு மேல ஏறி ஏறி முழங்கால் போயிடுத்து. அதுல தொட்டி தெரியும், பக்கத்துல நின்னா நீ தெரிவே. வேறெதுவும் தெரியாது. சத்தமும் கேக்காது."

செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியாகக் கொடுத்தவன் நான். தலைக்கு மேலிருந்த தொட்டி என் கவனத்துக்கு வரவில்லை.

"இவன் ஜெபராஜ்னு தெரியாதா? பார்சல்காரன் தெருவே கேக்கற மாதிரி கத்தறான். மாமிதான் வாங்கி வெக்கறா. உனக்குத்தான் அந்தப் பேர் சரியா வாயில வரலைன்னு நெனச்சோம்."

"கருவாடு..."

"உங்களுக்கு முன்னாடி மேல இருந்தவா எல்லாம் தெக்கத்திப் பசங்கதான். வாசனை வரும், மாமி ஜன்னலைச் சாத்துவா. நான் கேக்க மாட்டேன், அவா சொல்ல மாட்டா. இத்தனை வருஷமா அப்படித்தான் போயிண்டிருந்தது. இப்ப நீ வாய்விட்டுச் சொல்லிட்டே. மாமி கீழ நின்னு கேட்டுண்டிருக்கா. நான் என்ன பண்றது, சொல்லு."

ஜெபராஜின் அம்மா எழுந்து நின்றார். கையில் இன்னும் கரண்டி.

"அய்யா, பயலுவ ஒண்ணும் சொல்லல. தெரியாம செஞ்சிட்டேன். சட்டிய இப்பமே கழுவிருதேன். எம் மவள இங்க அனுப்பலாமான்னு பாக்கத்தான் வந்தேன்."

ஒரு பெண்ணின் வேலையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்போ நீங்க எதைக் கேக்க வந்தீங்க, மாமா?"

"இதை." என் நெற்றியைக் காட்டினார். "தெனம் காத்தால நான் பாக்கற நேரமாப் பாத்து எதிர்ல நின்னு வடகலை நாமத்தைக் காட்டறியே, எங்க சம்பந்தி சொல்லிக் கொடுத்தாரா?"

"நாமத்துல வகை இருக்கா மாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய் இரக்கம் வந்தது. அவருடைய நெற்றியை அன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். அவர் நாமத்துக்குக் கீழே மூக்கின் மேல் ஒரு சின்னப் பாதம் இருந்தது. என்னுடையது பாதமில்லாமல் வளைந்து நின்றது. அவர் தென்கலை. எந்த நாமம் சரி என்பதில் இரு பிரிவாருக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்கு. பெண்ணை வடகலை வீட்டில் கொடுத்திருந்தார். கல்யாணத்திலேயே பேச்சு முற்றி, சம்பந்தியோடு பேசாமலிருந்தார். என்னை அவர்கள் அனுப்பிய ஆள் என்றே கணவனும் மனைவியும் நம்பியிருந்தார்கள்.

கீழிருந்து மாமியின் குரல் வந்தது. தீர்ப்பு மாதிரியே இருந்தது.

"அந்தம்மாவை நின்னுண்டே இருக்க வெக்காம உக்காரச் சொல்லுங்கோ. சாதம் ஆறிடும். ஜெபராஜ் பாட்டுக்கு இருக்கட்டும். நாமக்காரனை மட்டும் மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லுங்கோ. உண்மையா இருந்தாலும் சரி, வேஷமா இருந்தாலும் சரி, காத்தால என்னால பாக்க முடியாது."

மாமா சங்கடத்தோடு என் தோளைத் தட்டினார். ஜெபராஜ் சிரிப்பை அடக்கச் சோற்றுப் பக்கம் குனிந்துகொண்டான். அவன் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்ல வீடு தம்பி. புள்ளைய அனுப்புதேன்."

மாசக் கடைசியில் நான் குன்றத்தூருக்குக் குடிபோனேன். மாமி ஒரு டப்பா புளியோதரை கட்டிக் கொடுத்தார். என் கட்டில் ஜெனிட்டாவுக்குப் போனது. போர்வைக்கு வெளியே ஜெபம் நடக்கிறது. ஜன்னல் சாத்தும் வழக்கமும் தொடர்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எப்போதாவது போனால் காப்பி கிடைக்கும். ஜெனிட்டாதான் ஒருநாள் சொன்னாள். நான் கும்பிடுகிற நேரமும் தொட்டி நிரம்புகிற நேரமும் ஒன்றாக இருந்ததாம். அதனால் இன்றைக்கும் தொட்டி வழிந்தால் மாமி கூடத்திலிருந்து குரல் கொடுப்பாராம்:

"சரவணன் சேவிச்சாச்சு. மோட்டாரை நிறுத்துங்கோ."